மொறிஸ் மைனரின் இறப்பர்

சென்ற மாரிகாலத்தில் என் காரின் முன்பக்கத்தில், இடப்புறச் சில்லுக்கு மேலே, 'டொக்' என்று ஒரு சத்தம் கேட்கத் தொடங்கியது. வேகத்தடை மேட்டில் ஏறி இறங்கும்போது ஒருதரம். பிறேக்கை மிதிக்கும்போது இன்னொருதரம். கார் 1961இல் செய்த மொறிஸ் மைனர் 1000. இங்கிலாந்தில் நாற்பது வயதைக் கடந்த, பெரிதாக மாற்றப்படாத வாகனங்களுக்கு 2018 மே மாதத்திலிருந்து வருடாந்தப் பரிசோதனை கட்டாயமில்லை. சலுகைபோலத்தான் தெரியும். உண்மையில், பரிசோதிப்பவரின் கையிலிருந்த பொறுப்பை எடுத்து உங்கள் கையில் தந்துவிட்டார்கள். ஆகவே மார்ச் மாதத்தில் மழையில்லாத ஒரு சனிக்கிழமை பார்த்து, லெஸ்டரில் எங்கள் வீட்டுக் கராச்சைத் திறந்து, காரை ஜக்கில் ஏற்றினேன்.

இரும்புக் கோலொன்றை நுழைத்துக் கீழ்க்கையை மெல்ல நெம்பியதும் காரணம் தெரிந்தது. கீழ்க்கை என்று நான் சொல்வது, சில்லையும் வண்டியின் உடலையும் கீழ்ப்புறத்தில் இணைக்கிற இரும்புக் கை. அதன் உள்முனை உடலோடு சேருமிடத்தில் இரும்பும் இரும்பும் தொடாமல் இருக்க இறப்பர் புஷ் இருக்கும். என் காரில் அது இருந்தது, ஆனால் பேருக்குத்தான். ஒரு பக்கம் நசிந்து பிதுங்கி, மறுபக்கம் வெடித்து, நடுவில் முட்டை வடிவத்தில் ஒரு ஓட்டை. புதியது ஒன்று சில பவுண்கள்தான். தபாலில் வந்த கடித உறையைவிடச் சற்றுப் பெரிய பொதிக்குள் இரண்டு பக்கத்துக்கும் தேவையான எல்லாம் இருந்தன.

இந்தச் சிறு வளையத்துக்கு ஒரு வரலாறு உண்டு. அதில் பாதியை நான் கார்ப் புத்தகங்களில் படித்தேன். மற்றப் பாதி எங்கள் வீட்டு விறாந்தையில் இருந்தது.

கூடார வண்டிலின் அச்சுக்கு மை போடுவதைப் பார்த்தவர்களுக்கு முதற்பாதி சுலபமாக விளங்கும். இரும்பு இரும்பில் உராய்ந்தால் தேயும், கத்தும். அதனால் எண்ணெயும் மையும். குதிரை வண்டியிலிருந்து பிறந்த மோட்டார் வண்டியும் அதே வழியில்தான் போனது. ஸ்பிறிங் தொங்கும் ஒவ்வொரு மூட்டிலும் பித்தளை அல்லது வெண்கலப் புஷ், அதற்குள் ஒரு ஊசி, அதன் தலையில் கிறீஸ் ஏற்றும் முலை. 1920களின் கார்களுக்கு இப்படிப் பல மூட்டுகள் இருந்தன. நாளும் கிழமையும் பார்த்துக் கிறீஸ் அடிக்கவேண்டும். சம்பளத்துக்குச் சாரதி வைத்திருந்தவர்களுக்குக் கவலையில்லை. தானே ஓட்டித் தானே கழுவும் குடும்பங்கள் கார் வாங்கத் தொடங்கியபோது, யார் தினமும் வண்டிக்கடியில் படுப்பது என்ற கேள்வி வந்தது.

அதற்கு வந்த விடைகளில் ஒன்றுக்கு 'சைலென்ற்பிளொக்' என்று பெயர். 1920களில் லெயோன் தீரி என்ற பொறியியலாளர் கண்டுபிடித்தது. ஒரு இரும்புக் குழாய், அதைச் சுற்றி இறப்பர் வளையம், அதற்கு வெளியே இன்னொரு இரும்புக் குழாய். இறப்பரை இழுத்து நெருக்கி இரண்டுக்கும் நடுவில் திணித்துவிட்டால் அது இரண்டையும் விடாமல் பிடித்துக்கொள்ளும். உள்குழாய் அசையும்போது எதுவும் எதிலும் உராய்வதில்லை, இறப்பர் தனக்குள்ளே முறுகி மீள்கிறது. எண்ணெய் வேண்டாம், சத்தம் இல்லை. பிறகு இறப்பரை இரும்போடு இரசாயன முறையில் ஒட்டும் தொழில் வளர்ந்தது. அதில் பேர்பெற்ற மெற்றலாஸ்ரிக் கம்பனி நான் இப்போது வாழும் இதே லெஸ்டரில்தான் இருந்தது. இந்த ஊருக்கு நான் வந்தது அதற்காக அல்ல. மைத்துனர் ஒருவர் இங்கே இருந்தார், அவ்வளவுதான்.

மொறிஸ் மைனரை வரைந்தவர் அலெக் இஸிகோனிஸ். துருக்கியின் ஸ்மிர்னா நகரில் 1906இல் பிறந்தவர். அங்கு நடந்த போரினால் குடும்பத்தோடு வெளியேறி, பதினாறு பதினேழு வயதில் இங்கிலாந்துக்கு வந்துசேர்ந்தவர். ஆங்கிலக் கிராமப்புறத்தின் அடையாளமாகத் தபால் முத்திரையிலும் தொலைக்காட்சித் தொடரிலும் காட்டப்படும் இந்தக் கார், ஒரு அகதியின் பென்சிலில் பிறந்தது என்பதை என் வெள்ளைக்கார அயலவர்களுக்குச் சொல்வதில் எனக்கு ஒரு சின்னச் சந்தோஷம். முதன்முதலில் பார்த்தபோது முதலாளி நஃபீல்ட் பிரபுவுக்கு அது பிடிக்கவில்லை. முட்டையை உடைத்துத் தண்ணீரில் அவித்ததுபோல இருக்கிறது என்று சொன்னாராம். அகலம் போதாதென்று இஸிகோனிஸுக்கே கடைசி நேரத்தில் தோன்றியது. மாதிரிக் காரை நெடுக்காக இரண்டாக வெட்டி, பாதிகளை நகர்த்தி நகர்த்திப் பார்த்து, நான்கு அங்குலம் கூட்டினார். என் காரின் பொனட்டில் நடுவே ஓடும் தட்டையான பட்டி அந்த நான்கு அங்குலம்தான். 1948 ஒக்ரோபர் 27ஆம் திகதி இலண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் அது வெளிவந்தது. 1971 வரை பதினாறு இலட்சத்துக்கு மேல் செய்தார்கள்.

முன்பக்கத்தில் சுருள் ஸ்பிறிங் இல்லை. கீழ்க்கையிலிருந்து பின்னோக்கி, ஆசனத்துக்கடி வரை, நீண்ட உருக்குக் கம்பி ஒன்று ஓடுகிறது. சில்லு மேலே போனால் கம்பி முறுகும், விட்டால் மீளும். ஆகவே புஷ் மாற்றுவது என்றால் முதலில் இந்த முறுக்கை இறக்கவேண்டும். அவசரப்பட்டால் கை, கை எலும்பை உடைக்கும். கீழ்க்கைக்கு அடியில் ஜக்கைக் கொடுத்துத் தாங்கிக்கொண்டு, மேல் மூட்டின் நட்டுகளைக் கழற்றி, சில்லுத் தாங்கியைக் கயிற்றால் கட்டி (இல்லாவிட்டால் பிறேக் குழாய் அந்தரத்தில் தொங்கி இழுபடும்), ஜக்கை நூல் நூலாக இறக்கினேன். கம்பி ஒரு பெருமூச்சும் விடாமல் தளர்ந்தது. கம்பியின் பற்கள் கையில் எந்த இடத்தில் பொருந்தியிருந்தன என்று வெள்ளைப் பெயின்றால் ஒரு கோடு. ஒரு பல் மாறினாலும் கார் ஒரு பக்கம் சரிந்து நிற்கும். பிறகு கீழ்க்கையின் முன்பாதியைப் பிரித்து, பின்பாதியைக் கம்பியோடு பின்னுக்குத் தள்ளினேன். தள்ளினேன் என்று ஒரு சொல்லில் எழுதுகிறேன். அறுபது வருடத் துருவுக்கு அது அரைநாள் வேலை.

இடப்பக்கத்தில் மொத்தம் ஆறு இறப்பர். கீழ்க்கையின் உள்மூட்டில் இரண்டு, மேல்மூட்டில் இரண்டு, முன்னோக்கிப் போகும் இழுகோலின் முனையில் இரண்டு. கழற்றியதை ஒன்றொன்றாகப் பழைய பேப்பரில் வைத்தேன். தேநீரோடு வந்த மகள் அதில் ஒன்றைக் கையில் எடுத்து அமுக்கிப் பார்த்தாள்.

"இது பிளாஸ்ரிக்கா அப்பா?"

"இல்லை, இறப்பர். மரத்திலயிருந்து வாற பால்."

"உங்கட அப்பப்பா மலேசியாவில இதைத்தானே வெட்டினவர்?"

"அவர் வெட்டேல்லை. அவர் நிறுத்தவர்."

"எதை நிறுத்தினவர்?"

தராசில் நிறுத்தவர் என்று விளங்கப்படுத்தினேன். அவளுக்கு அது போதவில்லை. எனக்கும்தான்.

காட்டு மரமாக பிரேசிலில் நின்ற இறப்பரின் விதைகளை, சுமார் 70,000, ஹென்றி விக்ஹாம் 1876இல் இலண்டன் கியூ பூங்காவுக்குக் கொண்டுவந்தார். முளைத்தவை மூவாயிரத்துக்கும் குறைவு. அவற்றில் பெரும்பங்கு, ஏறக்குறைய 1,900 கன்றுகள், அதே வருடம் இலங்கைக்குக் கப்பலேறி கம்பஹாவில் ஹெனரத்கொட பூங்காவில் நடப்பட்டன. அடுத்த வருடம் 22 கன்றுகள் சிங்கப்பூர் போய்ச் சேர்ந்தன. இருபது வருடம் யாருக்கும் அதில் பெரிய அக்கறை இல்லை. மரத்தைக் கொல்லாமல், பட்டையைச் சாய்வாகச் சீவி மறுபடி மறுபடி பால் எடுக்கலாம் என்று சிங்கப்பூர்ப் பூங்காவின் ஹென்றி ரிட்லி காட்டினார். மோட்டார் வண்டியும் வந்தது. மலாயாவின் காடுகள் அழிந்து வரிசை வரிசையாகப் பால்மரம் எழுந்தது. மரத்துக்கு ஆள் தேவை. கங்காணிகள் தமிழ்நாட்டுக் கிராமங்களுக்கு வந்தார்கள். அந்தக் குடிபெயர்வுக்குப் பணம் ஒதுக்க 1907இல் ஒரு நிதியமே அமைத்தார்கள், பெயர் 'தமிழ்க் குடிவரவு நிதி'.

இதெல்லாம் கூலியாகப் போனவர்களின் வழி. யாழ்ப்பாணத்தார் போன வழி வேறு. மிஷன் பள்ளிக்கூடத்து ஆங்கிலத்தோடு ரெயில்வேக்கும் தபால் கந்தோருக்கும் தோட்டத்துக் கிராணி வேலைக்கும் போனார்கள். மலாயாப் பணத்தில் எழுந்த நாற்சார் வீடுகளும், 'மலாயன் பென்ஷனியர்' என்று ஊரில் மரியாதையாக அழைக்கப்பட்ட கிழவர்களும் நம்மில் பலருக்கு நினைவிருக்கும். அப்பப்பாவுக்குப் பென்ஷன் இல்லை. பென்ஷன் அரசாங்க உத்தியோகத்தருக்கு. அவர் சிலாங்கூரில் ஒரு தோட்டத்தில் கிராணியாக இருந்து, சேமிப்போடு ஐம்பதுகளின் நடுவில் ஊர் திரும்பினார்.

அவருடைய வேலை பத்து மணிக்குப் பிறகு தொடங்கும். தோட்டத்துச் சனத்தின் வேலை விடிவதற்கு முன்னரே தொடங்கிவிடும், ஏனென்றால் வெயில் ஏறினால் பால் உறைந்து ஓட்டம் நின்றுவிடும். ஒருவருக்கு முந்நூறு, நானூறு மரம். மழை பெய்தால் பால் இல்லை, கூலியும் இல்லை. வாளிகளில் பால் வந்து சேரும்போது அப்பப்பா நிறுப்பார். ஒரு கண்ணாடிக் குழலை மிதக்கவிட்டு, பாலில் தண்ணீர் எவ்வளவு, இறப்பர் எவ்வளவு என்று பார்ப்பார். பேரேட்டில் எழுதுவார். பிறகு அமிலம் விட்டு உறைய வைத்து, உருளையில் கொடுத்துத் தகடாக்கி, புகைக்கூடத்தில் தொங்கவிடுவார்கள். அவருடைய தகரப் பெட்டியைத் திறந்தால் அந்தப் புகை மணம் வரும் என்று ஐயா சொல்வார்.

நான் சிறுவனாக இருந்தபோது அப்பப்பா விறாந்தைச் சாய்மனைக் கதிரையில் இருந்து மலாயாக் கதைகள் சொல்வார். புலி, யப்பான்காரன், மரவள்ளிக் கிழங்கு தின்ற மூன்றரை வருடம். தோட்டங்களிலிருந்து சயாம் ரெயில் பாதை போடக் கொண்டுபோகப்பட்டுத் திரும்பாத தமிழரைப் பற்றிக் குரலைத் தாழ்த்திச் சொல்வார். ஒரு கதையை மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்து சொல்வார்: "என்னைக் கண்டா சைக்கிளால இறங்கித்தான் போவாங்கள்." நாங்கள் சிரிப்போம். அப்பப்பா எவ்வளவு பெரிய ஆள் என்று நினைப்போம்.

முப்பது வருடம் கழித்து, இங்கே ஒரு நூலகத்தில், 1941ஆம் ஆண்டுக் கிள்ளான் வேலைநிறுத்தத்தைப் பற்றி வாசித்தேன். சிலாங்கூரின் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர் ஆயிரக்கணக்கில் வேலையை விட்டு நின்றார்கள். சீனத் தொழிலாளருக்குக் கிடைக்கும் கூலி தங்களுக்கும் வேண்டும் என்றார்கள். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம், நோய்க்கு மருத்துவம், கள்ளுக்கடை மூடல். கொடுமை செய்யும் உத்தியோகத்தரை நீக்கித் தமிழ் பேசும் ஆட்களை நியமிக்கவேண்டும் என்றும் கேட்டார்கள். அந்தப் பட்டியலில் இன்னொன்றும் இருந்தது. வெள்ளைத் துரையையோ ஆசிய உத்தியோகத்தரையோ எதிரில் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கும் வழக்கம் ஒழியவேண்டும். தலைமை தாங்கிய ஆர். எச். நாதனை மே மாதம் கைதுசெய்து நாடு கடத்தினார்கள். படையை இறக்கினார்கள், சுட்டார்கள். தொழிலாளர் இறந்தார்கள்.

அந்த வரியை நான் பலதரம் வாசித்தேன். அப்பப்பா தமிழ் பேசுகிறவர்தான், யாரையும் அடித்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. அப்படியெல்லாம் எனக்குள்ளே அவருக்காக வழக்காடிப் பார்த்தேன். ஆனால் சைக்கிள் கதை அவர் வாயிலிருந்தே வந்தது. அதற்குச் சிரித்தவர்களில் நானும் ஒருவன்.

இந்தக் கார் ஏர்ல்ஸ் கோர்ட்டில் திரை விலக்கப்பட்ட 1948ஐத் திரும்பிப் பாருங்கள். போரில் நொடித்த பிரித்தானியாவுக்கு டொலர் வேண்டும். அந்தப் பேரரசில் டொலர் அதிகம் உழைத்துக் கொடுத்த பொருள்களில் முதலிடத்தில் மலாயா இறப்பர். அடுத்தது காரை ஏற்றுமதி செய். உருக்கு வேண்டுமென்றால் ஏற்றுமதி செய்யும் கம்பனிக்குத்தான். ஜூனில் பேராக்கின் சுங்கை சிப்புட்டில் தோட்டத் துரைமார் மூவர் கொல்லப்பட, மலாயாவில் அவசரகாலம். நவம்பர் 15இல், கண்காட்சிக்கு மூன்று வாரமும் ஆகாமல், இலங்கைக் குடியுரிமைச் சட்டம் அமுலுக்கு வந்தது. தேயிலைக்கும் இறப்பருக்கும் உழைத்த மலையகத் தமிழரில் பெரும்பாலோர் நாடற்றவரானார்கள். களுத்துறையிலும் கேகாலையிலும் இரத்தினபுரியிலும் அதற்கு மறுநாளும் பால் வெட்டினார்கள். யுத்தத்தில் மலாயா யப்பானிடம் போனபோது நேச நாடுகளுக்கு இயற்கை இறப்பர் கொடுத்தது பெரும்பாலும் அந்தத் தோட்டங்கள்தான். மரம் பட்டுப்போனாலும் பரவாயில்லை என்று வெட்டச் சொன்ன காலம் அது.

அப்பப்பா ஊருக்கு வந்து வாங்கிய கார் ஒரு மொறிஸ் மைனர். அதுவே பின்னர் ஐயாவின் வாடகைக் கார் ஆனது. இறப்பர் புகையாகி, மூட்டையாகி, கப்பலேறி, ஒக்ஸ்போர்ட்டுக்குப் பக்கத்துக் கவ்லியில் காராகி, திரும்ப நம் ஒழுங்கைக்கு வந்தது என்று சொன்னால் கதைக்கு அழகாக இருக்கும். அவ்வளவு நேர்கோடாக யாரும் அதைக் கண்டு சொல்ல முடியாது. ஆனால் அந்தக் காலத்துப் புஷ்ஷுக்கு இறப்பர் வேறு எங்கிருந்தும் பெரிதாக வரவுமில்லை.

1990க்குப் பிறகு யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் தடை. கார்ப்பரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டு உயிர்ப்பித்து, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டிய கார்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள், அல்லது உங்கள் பெற்றோர் சொல்லியிருப்பார்கள். மோரிசும் ஒஸ்ரின் ஏ40உம் அந்த ஓட்டத்துக்குத் தாங்கின. புதிய கார்கள் தாங்கவில்லை. உதிரிப்பாகமும் வராது. எங்கள் மெக்கானிக் தேய்ந்த லொறி ரயரை வெட்டி, கடைசலில் பிடித்து, புஷ் செய்து தருவார். ரயருக்குள் நூல் இருப்பதால் அது முறுகாது, தேயும்தான். ஆறு மாதம் வந்தால் கெட்டித்தனம். கையைக் கழற்றும்போது நான் விளக்குப் பிடிப்பேன். அவர் பொருத்துவதற்குச் சவர்க்காரத் தண்ணிதான் பூசுவார். "எண்ணெய் பட்டா இறப்பர் ஊதிப்போகும் தம்பி" என்பார். 1995 ஒக்ரோபர் கடைசியில் வலிகாமம் முழுதும் எழுந்து நடந்த இரவில், அந்தக் கார் அம்மம்மாவையும் அயலில் இரண்டு வயதானவர்களையும் சாவகச்சேரி வரை கொண்டுபோய்ச் சேர்த்தது. அதற்குப் பிறகு அது எங்களிடம் இல்லை.

இப்போது புஷ்ஷுக்கு இரண்டு தெரிவு உண்டு. பொலியுரித்தேன், அல்லது இறப்பர். பொலியுரித்தேன் எண்ணெய்க்கு அசையாது, அதிக காலம் நிற்கும். வளைவில் காரை இறுக்கமாகப் பிடிக்கும் என்று இளையவர்கள் சொல்கிறார்கள். ஆனால் அது இறப்பர்போல முறுகுவதில்லை, சுழன்று உராய்கிறது. அதற்கென்று ஒரு கிறீஸ் பூசாவிட்டால் கீச்சிடும். அதாவது நூறு வருடம் முன்னர் எதிலிருந்து தப்ப வந்தோமோ அதற்கே ஓரளவு திரும்புகிறோம். மணிக்கு நாற்பது மைலில் மரக்கறி வாங்கப் போகும் காருக்கு அது தேவையில்லை. நான் இறப்பரையே வாங்கினேன்.

புதிய ஆறையும் சவர்க்காரத் தண்ணியில் தோய்த்துப் பொருத்தினேன். பழைய ஆறையும் மகள் உள்ளே கொண்டுபோய்ச் சமையலறைத் தராசில் வைத்தாள், நான் சொல்லாமலே. நூற்றைம்பது கிராமுக்குச் சற்றுக் குறைவு. கரியும் கந்தகமும் கழித்தால் இன்னும் குறையும். ஒரு மரம் ஒரு காலையில் தருவது உலர்ந்த இறப்பராகச் சில பத்துக் கிராம்தான். ஏழெட்டு மரத்தடியில் ஒருத்தி விடியற்புறத்து இருட்டில் குனிந்து எழுந்த வேலை அது என்று கணக்குச் சொன்னேன். "அதுக்கு அப்பப்பா எவ்வளவு எழுதினவர்?" என்று கேட்டாள். முப்பதுகளின் இறுதியில் நாட்கூலி ஆணுக்கு 50 சதம், பெண்ணுக்கு 40 சதம் என்று நான் படித்திருந்ததைச் சொன்னேன். சைக்கிள் கதையையும் அன்றைக்குத்தான் அவளுக்குச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

ஒரு வேலை பாக்கி. பலரும் பிழைவிடும் இடம் இதுதான். கார் ஜக்கில் நிற்கும்போது, சில்லு அந்தரத்தில் தொங்கும் நிலையில், நட்டுகளை முழுதாக இறுக்கிவிடக்கூடாது. அந்த நிலையில் பிடித்துக்கொண்ட இறப்பர், காரை நிலத்தில் இறக்கியதும் முறுகிய நிலையிலேயே தன் காலம் முழுவதும் இருக்கும். ஓடாமல் நின்றாலும் முறுகியே நிற்கும். ஒரு வருடத்தில் கிழிந்துவிடும். ஆகவே சில்லைப் பூட்டி, காரை நிலத்தில் இறக்கி, முன்பக்கத்தை மூன்று நான்குதரம் அமுக்கி ஆட்டி, தன் பாரத்தில் அது தானாக அமர்ந்த பிறகுதான் கடைசி இறுக்கு. மகளை உள்ளே சாரதி ஆசனத்தில் இருத்திவிட்டு, நான் அடியில் படுத்து இறுக்கினேன்.

மாலையில் வீதி முனை வரை ஓட்டிப் பார்த்தோம். வேகத்தடை மேட்டில் இடப்பக்கம் ஓசையில்லாமல் ஏறி இறங்கியது. அப்போதுதான் வலப்பக்கத்தில் ஒரு மெல்லிய 'டொக்' கேட்டது. இவ்வளவு நாளும் மற்றச் சத்தத்துக்குள் அது மறைந்திருந்திருக்கவேண்டும். பொதிக்குள் இன்னும் ஆறு புஷ் இருக்கின்றன. அடுத்த சனிக்கிழமை மழை இல்லையென்றால் பார்க்கலாம்.